தலையிடாமையின் சரித்திரம்

‘இயற்கை ஒயின்’ என்றதும் பழைமைக்குத் திரும்புவதாக ஒரு பிரமை எழுந்துவிடுகிறது. தாத்தாக்கள் இப்படித்தான் செய்தார்கள், நடுவில் ரசாயனம் வந்து கெடுத்தது, இப்போது யாரோ சிலர் மீட்டுவிட்டார்கள் என்று. இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படியொரு தூய காலம் சரித்திரத்தில் அகப்படவில்லை. ரோமானியர்கள் ஒயினில் கடல்நீரும் பிசினும் சேர்த்தார்கள். ஈயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சிய திராட்சைச் சாற்றை ஊற்றி அதைக் கெடாமல் வைக்கக் கோலுமெல்லா வழி எழுதியிருக்கிறார். பீப்பாய்க்குள் கந்தகத் திரி கொளுத்தும் வழக்கத்தை டச்சு வியாபாரிகள் பரப்பினார்கள். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது எதற்கோ, பீப்பாய்க்குக் கந்தகம் புகைப்பதும் ஏறக்குறைய அதற்கே.

தாத்தாக்களின் ஒயின் பெரும்பாலும் புளித்துப்போயிற்று என்பதும் மறந்துவிடுகிறது. 1863இல் மூன்றாம் நெப்போலியன் லூயி பாஸ்டரை அழைத்தது ஒயினின் ‘நோய்களை’ ஆராயத்தான். பாஸ்டர் ஜூரா மலையடிவாரத்தில் ஆர்ப்வா என்ற ஊரில் வளர்ந்தவர். அங்கேயே அவர் 1878இல் செய்த பரிசோதனைதான் என்னை ஈர்க்கிறது. தன் தோட்டத்தில் சில கொடிகளைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டுகள் கட்டினார். காய் முற்றுமுன் குலைகளைப் பஞ்சால் மூடினார். பழுத்ததும் பிழிந்தார், சாறு நொதிக்கவில்லை. திறந்த வெளியில் பழுத்தவை நொதித்தன. ஈஸ்ட் சாற்றுக்குள் தானாய்ப் பிறப்பதில்லை, வெளியிலிருந்து தோலின்மேல் வந்து அமர்கிறது. ‘தானாக நொதிப்பது’ என்ற சொற்றொடர் அன்றே பொருளிழந்துவிட்டது. இயற்கை ஒயின்காரர்கள் பாஸ்டரைத் தங்கள் முன்னோராக ஏற்பதில்லை. ஏற்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆர்ப்வாவுக்கு அடுத்த கிராமம் புப்பியேன். அங்கே பியர் ஓவர்னுவா என்ற விவசாயி, களைக்கொல்லி தெளிக்காத சில ஏக்கர் கொடிகளை வைத்துக்கொண்டு, 1980களில் கந்தகத்தையும் கைவிட்டார். ஷார்டொனேயில் இது துணிச்சல். சிவப்பு ஒயினுக்குத் தோலின் துவர்ப்பு ஓரளவு காவல். வெள்ளைக்கு அது கிடையாது. காற்றுப் பட்டால் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் மாதிரி ஆகிவிடும். ஆகவே அழுகிய பழம் ஒன்றுகூடக் கூடாது. பீப்பாய் எப்போதும் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும். மாலிக் அமிலம் முழுவதும் லாக்டிக்காக மாறி முடியவேண்டும். மிச்சமிருந்தால் பாட்டிலுக்குள் மறுபடி கிளம்பும். அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலோடு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். சேர்க்காததற்காக இத்தனை வேலை.

இந்த ஞானம் மலைக்காற்றில் வந்ததல்ல. போஜொலேயில் ஜூல் ஷோவே (1907-1989) என்ற ஒயின் வணிகர் இருந்தார். ரசாயனம் பயின்றவர், நோபல் பெற்ற ஓட்டோ வார்பர்கோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். கந்தகம் ஈஸ்ட்டை என்ன செய்கிறது என்று பரிசோதனைக் குழாயில் பார்த்தபிறகே அதை விலக்கலாம் என்று சொன்னார். அவருடன் வேலை செய்த ஜாக் நெயோபோர் மூலம் அது ஓவர்னுவாவை எட்டியது. ஆக, எதையும் சேர்க்காமலிருக்கச் சொல்லித்தந்தவர் ஒரு விஞ்ஞானி!

ஷார்டொனேயின் குலப்பெருமையும் இப்படித்தான். பர்கண்டியின் சீமாட்டி என்று நினைத்திருந்தார்கள். 1999இல் மரபணுச் சோதனை, பினோவும் குவே என்ற, பண்ணையாட்கள் பயிரிட்ட, மதிப்பில்லாத கொடியும் கலந்து பிறந்தது என்றது.

2020இல் பிரான்சில் இவ்வகை ஒயினுக்கு முத்திரை வந்தது. கந்தகம் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள். ஐரோப்பியச் சட்டம் சாதாரண வெள்ளை ஒயினுக்கு 200 வரை விடுகிறது. எண்ணில் அடங்குவது இவ்வளவுதான். பீப்பாயில் காதை வைத்து எப்போது கைவைக்கக் கூடாது என்று அறிவது முத்திரையில் வராது. ஓவர்னுவா 2001இல் தோட்டத்தை எம்மானுவெல் ஊயோனிடம் ஒப்படைத்தார். மகனல்ல, பதின்வயதில் வேலை கற்க வந்த பையன்.