இன்டர்ஃபேஸுக்கு டேபிள் எங்கே?

இன்னைக்கு ஒரு கேள்வியோட வரலாறு.

'பேயபிள்'னு ஒரு ஜாவா இன்டர்ஃபேஸ் இருக்குன்னு வைங்க. பில், சம்பளம், ரீஃபண்ட்னு மூணு கிளாஸ் அதை இம்ப்ளிமென்ட் பண்ணுது. "பாக்கி இருக்கிற பேயபிள் எல்லாத்தையும் கொடு"ன்னு டேட்டாபேஸைக் கேட்க முடியுமா? ஜாவாவுக்கு இது சகஜம். ஆனா டேட்டாபேஸுக்குத் தெரிஞ்சது டேபிள்தான். இன்டர்ஃபேஸுக்கு டேபிளே கிடையாது.

1990களில் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ்களுக்கு ஓடிஎம்ஜி என்ற குழு தரவிதி எழுதியது. அதில் கிளாஸுக்கு 'எக்ஸ்டென்ட்' உண்டு. அதாவது அந்தக் கிளாஸின் எல்லா ஆப்ஜெக்ட்டும் அடங்கிய தொகுப்பு. இன்டர்ஃபேஸ் நடத்தையை மட்டும் சொல்வது என்பதால் அதற்கு எக்ஸ்டென்ட் கிடையாது.

2001இல் கேவின் கிங் ஹைபர்னேட்டைத் தொடங்கினார். இஜேபி 2 என்டிட்டி பீன்களின் சுமைக்கு மாற்றாக வந்தது அது. அதன் குவரி மொழியில் 'ஃப்ரம்' பக்கத்துல இன்டர்ஃபேஸ் பெயரையே போடலாம்! எப்படி? எந்தெந்தக் கிளாஸ் மேப் ஆகியிருக்குன்னு ஹைபர்னேட்டுக்குத் தெரியும். அந்த இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் பண்ற ஒவ்வொண்ணுக்கும் தனி செலக்ட் அனுப்பி, விடைகளை ஒண்ணா சேர்த்துக் கொடுக்கும்.

நான் மாட்டிக்கிட்டது இங்கதான். தேதிவாரியா 'ஆர்டர் பை' போட்டேன். முதல் வரிதான் ரொம்பப் பழைய பாக்கின்னு நம்பினேன். ஆனா ஒவ்வொரு செலக்ட்டும் தனக்குள்ள மட்டும்தான் வரிசைப்படுத்தும். பில்லெல்லாம் முடிஞ்ச பிறகுதான் ரீஃபண்ட் வரும். எல்லாத்தையும்விடப் பழைய ஒரு ரீஃபண்ட் பட்டியலோட அடியில கிடந்துச்சு. அந்த வாடிக்கையாளர் பணத்துக்காகக் காத்துக்கிட்டே இருந்தார். எர்ரர் எதுவும் வரல. இந்த எச்சரிக்கை ஹைபர்னேட் கையேட்டிலேயே இருக்கு, நான்தான் படிக்கல.

2006இல் ரெண்டு தரவிதி வந்துச்சு, ரெண்டும் வேற வேற பதில் சொன்னது. ஜேபிஏ 1.0, இன்டர்ஃபேஸை என்டிட்டியாக வைக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஜேடிஓ 2.0 இன்டர்ஃபேஸையே மேப் பண்ணி, அதன் மேல குவரி எழுத விட்டது. பின்னாடி பரவலானது ஜேபிஏதான்.

நான் கடைசியில் மூணு கிளாஸுக்கும் பொதுவா ஒரு அப்ஸ்ட்ராக்ட் என்டிட்டி வெச்சு, மூணையும் ஒரே டேபிளில் போட்டேன். இப்ப ஒரே செலக்ட், வரிசையும் சரி. உங்க கோடுல இன்டர்ஃபேஸ் மேல குவரி இருந்தா, எஸ்க்யூஎல் லாகைத் திறந்து எத்தனை செலக்ட் போகுதுன்னு இன்னைக்கே எண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.