மணலும் மடைநீரும்

1816 வாக்கில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கடற்கரையின் டென்னிஸ் ஊரில், ஹென்றி ஹால் என்பவர் ஒன்றைக் கவனித்தார். காற்று வாரிக் கொட்டிய மணலில் மூடுண்ட காட்டுக் கிரான்பெர்ரிக் கொடிகள் பட்டுப்போகாமல் முன்னிலும் செழித்துக் காய்த்தன. வாம்பனோக் பழங்குடியினர் காலங்காலமாகப் பறித்துவந்த பழம் அங்கே பயிராக மாறத் தொடங்கியது. ரசாயனமின்றிக் கிரான்பெர்ரி விளைவிப்பதைப் புதுமோகம் என்போர் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மணல் பரப்பினால் படர்ந்த தண்டு புதைந்து வேர்விடும், புதுத் தளிர் நிமிரும், சருகில் ஒளிந்த பூச்சி மண்ணுக்கடியில் மடியும். குளிர்காலத்தில் சதுப்பில் தேக்கிய நீர் உறைந்ததும் பனிக்கட்டிமேல் மணலை இறைத்துவிட்டால், உருகும்போது அது தானே படிந்துகொள்ளும். அதே தேக்கநீர் கொடியைக் குளிரில் கருகாமல் காக்கும். ஏப்ரல் நடுவில் மறுபடி நீர் கட்டி ஒரு மாதம் நிறுத்தினால் பழப்புழுவும் செஞ்சிலந்தியும் குறையும்.

அப்படியென்றால் பழைய விவசாயி நஞ்சைத் தொட்டதே இல்லையா என்று கேட்கலாம். தொட்டார், செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் வருவதற்கு முன்பே ஈய ஆர்சனேட் புழக்கத்தில் இருந்தது. ஆகவே பழங்காலத்தைத் தூய்மையின் பொற்காலமாக்குவது பொய். ஆனால் நஞ்சையே முதல் துணையாகக் கொள்ளும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வலுத்தது. அறுவடைக்குப் பிறகு மட்டுமே தெளிக்க அனுமதிக்கப்பட்ட அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் எச்சம் பழத்தில் இருப்பதாக 1959 நவம்பர் 9 அன்று அமெரிக்க சுகாதார அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் அறிவித்தார். கிரான்பெர்ரி அதிகம் விற்கும் நன்றி நவிலல் நாள் நெருங்கிய வேளையில் விற்பனை சரிந்தது. தவறு செய்தவர் சிலர். அடி விழுந்தது எல்லோர் தலையிலும்.

வலுவான ஆட்சேபம் மகசூல் பற்றியது. கிரான்பெர்ரி பல்லாண்டுப் பயிர்; நூறாண்டு கடந்த கொடிகளும் காய்க்கின்றன. இடையில் உழுது களையை அழிக்க வழியில்லை. கையால் பிடுங்கக் கூலி மிகும். நீரை அதிகநாள் நிறுத்தினால் கொடியே தளரும். இயற்கை முறையில் விளைச்சல் குறைவதும், அதைத் துணிபவர் சிலராகவே இருப்பதும் இதனால்தான். இந்தக் கணக்கு உண்மையே. ஆனால் மருந்து தெளிப்பவரும் இன்றுவரை மணலையும் மதகையும் கைவிடவில்லை என்பதும் அதே கணக்கில் சேரவேண்டும். இருசாரார்க்கும் அடித்தளம் ஒன்றுதான். மேலே மருந்தைக் கட்டுவதா, கைவேலையைக் கட்டுவதா என்பதில்தான் பிரிகிறார்கள். இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழின் வயது குறைவு. அதைத் தாங்கும் அறிவுக்கு வயது இருநூறு.