நேர்வும் மாதிரியும்: திருவனந்தபுரமும் ஒப்பீட்டு நேர்வாய்வு முறையும்

1. முன்னுரை

ஒரு நாட்டையோ ஊரையோ நிறுவனத்தையோ தனித்து எடுத்துக்கொண்டு ஆழமாக ஆராய்வது நேர்வாய்வு எனப்படும். அவ்வாறு எடுத்துக்கொண்ட சில நேர்வுகளை ஒரே வினாவின் கீழ் எதிரெதிர் வைத்துக் காரணம் தேடுவது முறைசார் ஒப்பீட்டு நேர்வாய்வு ஆகும். இம்முறை கேரளம் பற்றிய ஆய்வுகளில் வளர்ந்த வரலாற்றைத் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு மாநிலத்தைப் பற்றிய நேர்வாய்வு பிறர் பின்பற்றத்தக்க 'மாதிரி'யாக எவ்வாறு மாறியது என்பதும், அம்மாற்றத்தின் மிகையைத் திருத்தியது ஒப்பீடே என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படும். இதில் கலைச்சொல்லாக்கத்துக்கும் பங்குண்டு என்பதால் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரலாற்றை அறிதல் தகும்.

2. முறையின் பின்புலம்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் காரணம் காணும் வழிகளுள் இரண்டைச் சிறப்பாக விளக்கினார். பல வகையிலும் வேறுபட்ட நேர்வுகளில் ஒரே விளைவு காணப்படுமாயின், அவற்றுக்குப் பொதுவாக உள்ள ஒன்று காரணமாகலாம் என்பது ஒற்றுமை முறை. ஏறத்தாழ எல்லா வகையிலும் ஒத்த இரு நேர்வுகளில் ஒன்றில் மட்டும் விளைவு காணப்படுமாயின், அவை வேறுபடும் கூறு காரணமாகலாம் என்பது வேறுபாட்டு முறை. ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருத்தல் கூடுமாதலால் சமூகத்தை ஆராய இவை போதா என்று மில்லே ஐயுற்றார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1954இல் ஃபிரெட் எக்கன் மானிடவியலில் கட்டுப்படுத்தப்பட்ட ஒப்பீட்டை வலியுறுத்தினார். அண்டை நிலங்களில் வாழும், பண்பாட்டில் நெருங்கிய சமுதாயங்களை ஒப்பிட்டால் பல கூறுகள் தாமே நிலைப்பட்டுவிடும் என்பது அவர் கருத்து. 1971இல் அரெண்ட் லைப்பார்ட், ஒப்பீட்டு முறையின் அடிப்படை இடர்ப்பாடு காரணக் கூறுகள் பலவாகவும் நேர்வுகள் சிலவாகவும் இருப்பதே எனச் சுட்டினார். வளர்ச்சி ஆய்வு மையம் திருவனந்தபுரத்தில் கே.என். ராஜ் அவர்களின் முயற்சியால் உருப்பெற்றதும் 1970களின் தொடக்கத்திலேயே ஆகும்.

3. 1975ஆம் ஆண்டின் அறிக்கை

இம்மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காக ஆயத்தம் செய்த அறிக்கை 1975இல் வெளிவந்தது. வறுமை, வேலையின்மை, வளர்ச்சிக் கொள்கை ஆகியவற்றை அது ஆராய்ந்தது. வருவாயிலும் கலோரிக் கணக்கிலும் பின்தங்கியதாகத் தோன்றிய மாநிலத்தில் இறப்பு வீதமும் பிறப்பு வீதமும் குறைந்திருப்பதும் எழுத்தறிவு உயர்ந்திருப்பதும் எவ்வாறு என்ற புதிர் இதன் வழியே உலகின் கவனத்தைப் பெற்றது. அறிக்கையின் துணைத்தலைப்பு, கேரளத்தைச் சார்ந்த, தேர்ந்தெடுத்த சில சிக்கல்கள் பற்றிய நேர்வாய்வு என்றே தன்னைக் குறித்துக்கொள்கிறது. இவ்வடக்கம் நோக்கத்தக்கது. அடுத்த ஆண்டுகளில் டி.என். கிருஷ்ணன் மக்கள்தொகை மாற்றத்தையும், பி.ஜி.கே. பணிக்கர் உடல்நல முன்னேற்றத்தையும் தனித்தனியே ஆராய்ந்தனர்.

எனினும் 1980களில் 'கேரள மாடல்' என்னும் தொடர் பரவலாயிற்று. ஒரு வினாவுக்கு உட்பட்ட நேர்வு, பிறர் கைக்கொள்ள வேண்டிய திட்டமாக வாசிக்கப்பட்டது. அதன் எல்லைகளைச் சுட்டும் கே.கே. ஜார்ஜின் நூலை 1993இல் இம்மையமே வெளியிட்டது.

4. இருவகை ஒப்பீடுகள்

தனி நேர்வு ஒன்றைக்கொண்டு காரணத்தை நிறுவ இயலாது. 1985இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கருத்தரங்கு கேரளம், இலங்கை, சீனம், கோஸ்டா ரிக்கா ஆகிய நான்கையும் ஒருங்கே வைத்து, குறைந்த செலவில் நல்ல உடல்நலம் எய்தியமைக்குப் பொதுக் காரணங்களைத் தேடியது. ஆட்சி முறையிலும் சமயத்திலும் பரப்பிலும் வேறுபட்ட இந்நான்கினை ஒப்பிடுவது ஒற்றுமை முறையாகும். இதில் ஒரு குறை உண்டு. வெற்றி பெற்ற நேர்வுகளை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதே காரணங்கள் அமைந்தும் வெற்றி பெறாத நாடுகள் நம் கண்ணுக்குத் தென்படா.

1983இல் மோனி நாக் கேரளத்தையும் மேற்கு வங்கத்தையும் ஒப்பிட்டது வேறுபாட்டு முறையைச் சார்ந்தது. கேரளத்தின் இறப்பு வீதம் மேற்கு வங்கத்தினதைவிடக் குறைவு. ஆனால் பொருளாதார வளம் அதற்கு விளக்கம் தரவில்லை. நாட்டுப்புறத்தார் மருத்துவமனையை எளிதில் அடைய முடிவதும், தமக்கு உரியதைக் கேட்டுப் பெறும் அரசியல் விழிப்புமே வேறுபாட்டை விளக்குவன என அவர் கருதினார். பின்னர் பிரேர்ணா சிங் 2015இல் கேரளம், தமிழ்நாடு ஆகியவற்றை உத்தரப் பிரதேசம், இராசத்தான் ஆகியவற்றுடன் ஒப்பிட்டு, மாநில அளவிலான ஒன்றுபட்ட உணர்வைச் சமூக நலத்துக்குக் காரணமாகக் காட்டினார். அவ்வுணர்வில் மொழிக்குள்ள பங்கு நம் துறையினர் தொடர்ந்து ஆராயத்தக்கது.

5. எல்லைகள் தந்த ஒப்பீடு

கேரளம் என்பதே ஒரு நேர்வுதானா என்ற வினாவும் எழுகிறது. 1956 நவம்பர் 1இல் மாநிலம் அமைந்தபோது, மன்னராட்சியில் இருந்த திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளும், சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாயிருந்த மலபாரும் இணைந்தன. திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு 1817இலேயே வெளிவந்தது. கல்வியிலும் உடல்நலத்திலும் மலபார் பின்தங்கியிருந்தது. அதே நாளில் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டமாயின.

ஆய்வாளன் விரும்பியும் அமைக்க இயலாத ஒப்பீடு இதனால் கிடைக்கிறது. மலபாருக்கும் திருவிதாங்கூருக்கும் பழைய வரலாறு வேறு, 1956க்குப் பின் அரசு ஒன்று. கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் பழைய வரலாறு ஒன்று, பின்னைய அரசு வேறு. பழமையே காரணமாயின் மலபார் பின்தங்கியே இருந்திருக்கும். ஆனால் மலபார்ப் பகுதியைச் சேர்ந்த மலப்புரம் மாவட்டத்தின் எழுத்தறிவு 2011இல் 93 விழுக்காட்டைக் கடந்து, மாநிலச் சராசரியாகிய 94ஐ ஒட்டி நின்றது. புதிய அரசே முழுக் காரணமாயின் கன்னியாகுமரி தமிழ்நாட்டின் சராசரியாகிய 80.09ஐ ஒட்டியிருந்திருக்கும். ஆனால் அது 91.75 விழுக்காட்டுடன் அம்மாநிலத்தில் முதலிடம் பெற்றது.

ஆகவே பழைய வரலாறும் பின்னைய அரசின் செயலும் தனித்தனியே வலிமை உடையன என்றே கொள்ள வேண்டும். அவ்வாறு கொள்ளும்போதும் எச்சரிக்கை தேவை. தென் திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் லண்டன் மிஷன் சங்கம் பணியாற்றியது. பள்ளிக் கல்வியைப் பரப்புவதில் தமிழ்நாட்டு அரசும் வாளா இருக்கவில்லை. பல காரணம் பற்றிய மில்லின் ஐயம் இங்கும் பொருந்துகிறது.

6. மொழியியலார் ஒப்பீட்டோடு உறவு

இத்தருக்கம் மொழியியலார்க்குப் புதிதன்று. திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழக மொழியியல் துறையை வளர்த்த வ.அய். சுப்பிரமணியம், மலையாளக் கிளைமொழி ஆய்வில் ஈழவர்-தீயர் சமுதாயத்தின் பேச்சைக் கேரளம் முழுவதிலும் தொகுத்து 1974இல் வெளியிட்டார். சமுதாயத்தை நிலைப்படுத்தியதால், தொகுத்த வேறுபாடுகளை இடம் பற்றியன எனக் கொள்ள இயன்றது. எக்கன் கூறிய கட்டுப்படுத்தப்பட்ட ஒப்பீட்டோடு இது பெரிதும் ஒத்தது.

மற்றோர் ஒப்புமையும் உண்டு. டைலரின் ஒப்பீட்டு ஆய்வைக் கேட்ட கால்ட்டன், நேர்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று கடன் பெற்றிருந்தால் அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணலாகாது என்றார். இது 1889இல் அச்சேறியது. இரு மொழிகளில் ஒரு சொல் ஒத்திருந்தால் அது இனச்சொல்லா, கடன்சொல்லா, தற்செயலா என 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் முதல் நாம் கேட்டு வருகிறோம். கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் ஒத்திருப்பதைக் காண்போரும் இதே வினாவைக் கேட்டல் வேண்டும். இரு துறைக்கும் இடையே வேறுபாடு ஒன்றே: மொழியியலார் ஒப்பீடு மூலத்தைத் தேடுவது, சமூக அறிவியலார் ஒப்பீடு காரணத்தைத் தேடுவது.

7. சொல்லாக்கச் சிக்கல்

கல்வியியல் பாடநூல்களில் வழங்கும் 'தனியாள் ஆய்வு' என்னும் தொடர் ஒரு மாணவனைப் பற்றிய ஆய்வுக்குப் பொருந்தும். ஒரு மாநிலத்துக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது தமிழில் நீதிமன்றத்தில் 'வழக்கு', இலக்கணத்தில் 'வேற்றுமை'. இவற்றோடு மயங்காதிருக்க 'நேர்வு' ஏற்றது. மில்லின் இரண்டாம் முறையை 'வேற்றுமை முறை' என்னாது 'வேறுபாட்டு முறை' என்பதும் இது கருதியே.

'மாதிரி' என்னும் சொல்லில் இடர் மிகுதி. கடைக்காரர் காட்டும் துணுக்கும் மாதிரி. பின்பற்றத்தக்க எடுத்துக்காட்டும் மாதிரி. புள்ளியியலில் மக்கள்தொகையிலிருந்து எடுக்கும் பகுதியும் மாதிரி. எனவே 'கேரள மாதிரி' என்னும் தொடர் கேரளத்திலிருந்து எடுத்த கூறு எனவும், கேரளம் காட்டும் வழி எனவும் பொருள்படும். முதற்பொருள் ஒன்று பலவற்றின் சார்பாக நிற்பதாகவும், இரண்டாம் பொருள் ஒன்று பலவற்றுக்கு வழிகாட்டுவதாகவும் கொள்கிறது. நேர்வாய்வு இவ்விரண்டையும் தானாகக் கோருவதில்லை. நேர்வு, கூறு, முன்மாதிரி என மூன்று சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் நன்று.

8. முடிவுரை

1975இல் தன்னை நேர்வாய்வு என அடக்கமாகக் குறித்துக்கொண்ட ஆய்வு மாதிரியாக மாறியதும், மேற்கு வங்கம், இலங்கை, மலபார், கன்னியாகுமரி ஆகியவற்றோடு ஒப்பிட்டபின் மீண்டும் நேர்வாக அளவிடப்பட்டதும் மேலே காட்டப்பட்டன. எதை எதனோடு ஒப்பிடுகிறோம், எதை நிலைப்படுத்துகிறோம், எவ்வெல்லையை நேர்வின் எல்லையாகக் கொள்கிறோம் என்பவற்றை முன்னரே வரையறுப்பதே இம்முறையின் உயிர்நிலை. அவ்வரையறை ஒரு சொல்லின் பொருள் மயக்கத்தாலும் சிதையலாம். ஆதலின் இவ்வகை ஆய்வுகளைத் தமிழாக்குவோர் சொல்லைத் தேர்வதற்கு முன் முறையை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.