பாரிஸ் மாணவரும் படம் காட்டும் மென்பொருளும்

எண்களாக மாற்றப்பட்ட ஓடும் படத்தைக் கணிப்பொறியில் காண்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எளிதாக இருக்கவில்லை. காரணத்தைச் சிறு கணக்கே காட்டும். தொலைக்காட்சிப் படம் ஒன்றில் 720க்கு 576 என்ற அளவில் புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. சுருக்காமல் வைத்தால் நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ 31 மெகாபைட் இடம் வேண்டும். 650 மெகாபைட் கொள்ளும் குறுந்தகடு அரை நிமிடத்திற்குள் நிறைந்துவிடும். ஆகவே சுருக்கியே தீரவேண்டும். முந்தைய படத்தினின்று மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்வது அதற்குரிய தலையாய உத்தி.

ஆனால், சுருக்கியவரே விரித்துக் காட்டவும் வேண்டும் என்ற நிலை தோன்றிற்று. ஆப்பிள் 1991இல் குயிக்டைம் முறையையும், மைக்ரோசாஃப்ட் 1992இல் ஏவிஐ முறையையும் வெளியிட்டன. ஒன்றிற்கென அமைந்த கோப்பு மற்றொன்றில் பெரும்பாலும் ஓடாது.

இந்நிலையில், பாரிஸ் நகரை அடுத்திருந்த எகோல் சென்ட்ரால் என்னும் பொறியியற் கல்லூரி மாணவர்கள் தம் விடுதிக்கு விரைவான வலையமைப்பு வேண்டுமென விரும்பினர். விளையாட்டுக்காகவுந்தான், அதை மறைப்பானேன்! கல்லூரியிடம் பணமில்லை. செயற்கைக்கோள் தொலைக்காட்சியை வலையமைப்பின் வழியே அறைதோறும் அனுப்பிக் காட்டுவதெனில் பொருளுதவி கிட்டும் என்றொரு வழி பிறந்தது. 1996இல் பணி தொடங்கியது. அனுப்ப ஒரு மென்பொருள், பெற்றுக் காட்ட ஒரு மென்பொருள், பின்னதே விஎல்சி. கல்லூரியின் இசைவுடன் 2001 பிப்ரவரி 1ஆம் நாள் அது எவரும் எடுத்தாளத்தக்க பொது உரிமத்தின்கீழ் வந்தது.

வலையமைப்பில் வரும் படத்தில் இடையிடையே துண்டுகள் தொலையும். அதற்கு ஈடுகொடுக்கப் பிறந்ததாலேயே, குறைபட்ட கோப்பையும் அரைகுறையாக இறங்கிய கோப்பையும் விஎல்சி பொறுமையுடன் காட்டுகிறது. பிரான்சு நாட்டவரான ஃபப்ரீஸ் பெல்லார் 2000இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் இதற்குப் பெருந்துணை. ஒரு வடிவிலுள்ள படத்தை மற்றொரு வடிவிற்கு மாற்றும் அக்கருவியின் நிரல்களையே பல வடிவங்களை விரிப்பதற்கு விஎல்சி பயன்படுத்துகிறது.

நேயர்களே, சுருக்கம் ஒரு தடை. பூட்டு வேறொரு தடை. டிவிடி தட்டுகள் பூட்டியே விற்கப்பட்டன. 1999இல் நார்வே நாட்டுச் சிறுவர் யோன் யோஹான்சன், வேறு இருவருடன் சேர்ந்து அப்பூட்டைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 15. வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு மன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. தான் விலைகொடுத்து வாங்கிய தட்டைத் திறந்து காண்பது குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆயினும் எல்லா நாட்டுச் சட்டமும் அவ்வாறு கூறவில்லை. டிவிடி பூட்டைத் திறக்க விஎல்சி குழுவினர் எழுதிய நிரல் தொகுதியைப் பல லினக்ஸ் வெளியீட்டாளர்கள் இன்றும் தம் தொகுப்பில் சேர்ப்பதில்லை. வேண்டுவோர் அதைத் தாமே தேடிப் பெற்றுக்கொள்கின்றனர்.