ஐ-லீக் கால்பந்து: 2018–19 பருவம்

இந்தியத் தொழில்முறைக் கால்பந்தில் ஐ-லீக் தொடரின் 12-ஆவது பருவம் இது. 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூர் ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் முதல் ஆட்டம் நடந்தது. பட்டம் யாருக்கு என்பதும் 2019 மார்ச் 9 அன்று அதே மைதானத்தில் முடிவானது. 11 அணிகள் மோதிய இந்தப் பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளிகளுடன் வாகை சூடியது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது இந்த ஒருமுறைதான். நாட்டின் முதன்மைத் தொடர் என்ற இடம் ஐ-லீக்கின் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த காலமும் இதுவே. இந்தப் பருவத்தை எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்விக்குத் தாளில் ஒரு விடையும் களத்தில் வேறொரு விடையும் கிடைக்கின்றன.

பின்னணி

தேசிய கால்பந்து லீக் 1996-இல் தொடங்கியது. 2007-இல் அது ஐ-லீக் என்ற பெயரில் மாற்றியமைக்கப்பட்டது. கோவாவின் டெம்போ அணி முதல் பட்டத்தைப் பெற்றது. 2010 டிசம்பரில் அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தின் விளைவாக 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பிறந்தது. தொடக்கத்தில் அது இரண்டே மாதங்களில் முடிந்துவிடும் ஒரு கொண்டாட்டமாக இருந்தது. 2017-இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏற்பு அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு, இருமுறை ஐ-லீக் வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லுக்கு இடம் மாறியது. அதிலிருந்து இரண்டு தொடர்களும் ஒரே மாதங்களில் அருகருகே நடந்தன.

2018–19-இல் சட்டப்படி ஐ-லீக் கீழே இறங்கியிருக்கவில்லை. ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றுக்குச் செல்லும் உரிமை ஐ-லீக் வாகையாளருக்கே இருந்தது. ஐ.எஸ்.எல். வாகையாளருக்குக் கிடைத்தது அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஏ.எஃப்.சி. கோப்பை வாய்ப்பு. ஆனால் பணமும் விளம்பரமும் பெயர்பெற்ற வீரர்களும் ஐ.எஸ்.எல். பக்கம் போய்விட்டார்கள். 2018 டிசம்பர் இறுதியில், பருவம் பாதியில் இருக்கும்போதே, ஐ-லீக்கின் எல்லா ஆட்டங்களையும் இனி நேரலையாகக் காட்டுவதில்லை என்று ஒளிபரப்பு நிறுவனம் முடிவெடுத்தது. ஒரு தொடரை இரண்டாம் தட்டுக்குத் தள்ள அதிகாரபூர்வ அறிவிப்பு எதுவும் தேவையில்லை, இந்த ஒரு முடிவே போதும்.

பட்டங்களின் வரிசையோ வேறு கதை சொல்கிறது. 2016–17-இல் மிசோரத்தின் ஐசால் வென்றது. வடகிழக்கு அணி ஒன்று தேசிய லீக்கை வென்றது அதுவே முதல்முறை. 2017–18-இல் மினர்வா பஞ்சாப் வென்றது. அடுத்து சென்னை சிட்டி. பெரிய பணம் விலகிப்போன பிறகுதான் இந்தத் தொடரின் கதவு புதியவர்களுக்குத் திறந்தது என்பதைக் குறித்தே ஆக வேண்டும்.

சென்னை சிட்டி கோவைக்கு வந்தது

சென்னை லீக்கில் ஆடிவந்த சென்னை சிட்டி, 2016–17-இல் நேரடி நுழைவு மூலம் ஐ-லீக்குக்குள் வந்தது. உரிமையாளர் ரோகித் ரமேஷ். முதல் இரண்டு பருவங்களிலும் பத்து அணிகளில் எட்டாம் இடமே கிடைத்தது. சென்னை நேரு மைதானம் ஐ.எஸ்.எல்.லின் சென்னையின் எஃப்.சி.க்குச் சொந்த மைதானமாக இருந்த நிலையில், 2017–18 முதல் சென்னை சிட்டி கோவையில் ஆடத் தொடங்கியது. பெயரில் மட்டும் சென்னை நின்றது.

தேனி, கம்பம், போடி பக்கத்து ரசிகர்களுக்குத் தேசியத் தொழில்முறைக் கால்பந்து சற்றேனும் கிட்டே வந்தது இந்த இடமாற்றத்தால்தான். அதற்குமுன் சென்னைக்கோ கேரளத்துக்கோ போனால்தான் உண்டு. சிறிய ஊர்களில் பார்வையாளர்களுக்குப் பஞ்சம் என்ற பேச்சைத் தேனி மாவட்டத்துக்காரர்கள் ஏற்க மாட்டார்கள். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் கோடையில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு நாட்டின் வலுவான துறை அணிகள் வந்து ஆடுகின்றன. நல்ல ஆட்டம் ஊர் தேடி வந்தால் ஊர் திரண்டு வரும். கோவையில் சென்னை சிட்டிக்கு நடந்ததும் அதுதான்.

2018-இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் பழக்கத்தை விடுத்து, பின்களத்திலிருந்தே தரையோடு பந்தைக் கடத்திக்கொண்டு போகும் முறையை அவர் கொண்டுவந்தார். அதற்கேற்ற வீரர்கள் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளிலிருந்து வந்தார்கள்: கோல்காப்பாளர் நவுசெட் சந்தானா, தற்காப்பில் ராபர்டோ எஸ்லாவா, நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ. முன்களத்தில் உருகுவே நாட்டவரான பெட்ரோ மான்சி. உலகம் அறிந்த பெயர் இவர்களில் ஒன்றுகூட இல்லை. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், மைக்கேல் ரெஜின், அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் அணியின் முதுகெலும்பாக நின்றார்கள். ஓய்வுபெறும் வயதில் வரும் நட்சத்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டாமல், சரியான ஆட்களைத் தேடிப் பிடித்ததில்தான் இந்தப் பட்டத்தின் விதை இருக்கிறது.

ஆட்டங்கள்

முதல் நாளே இந்தியன் ஆரோஸ் அணியை 4–1 என்று சென்னை சிட்டி தோற்கடித்தது. மான்சி ஹாட்ரிக் அடித்தார். நவம்பரில் கொல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்காலை 2–1 என்று வீழ்த்தியது. ஜனவரியில் கோவையிலும் அதே அணியை அதே கணக்கில் வென்றது. கடைசியில் இரு அணிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி என்பதை நினைத்தால், இந்த இரண்டு ஆட்டங்களின் எடை விளங்கும்.

பருவத்தின் இன்னொரு புதுமுகம் ரியல் காஷ்மீர். இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்து, ஸ்ரீநகரின் குளிரில் தன் ஊர் ரசிகர்கள் முன் ஆடி, 37 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்த அணி. 2019 பிப்ரவரி 14-இல் நடந்த புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு மினர்வா பஞ்சாப் ஸ்ரீநகருக்குச் செல்ல மறுத்தது. ஈஸ்ட் பெங்காலுடனான ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. பட்டத்துக்கு நெருக்கமாக வந்துகொண்டிருந்த ஓர் அணி, தன் கையில் இல்லாத காரணத்தால் சொந்த மைதானத்தை இழந்தது. ஷில்லாங் லஜோங் கடைசி இடத்தில் முடித்தது.

மார்ச் தொடக்கத்திலேயே பட்டத்தை உறுதி செய்திருக்க வேண்டிய சென்னை சிட்டி, சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால் கடைசி நாள்வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் நடப்பு வாகையாளர் மினர்வா பஞ்சாபுடன் சென்னை சிட்டியும், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஈஸ்ட் பெங்காலும் ஒரே நேரத்தில் இறங்கின. மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்காகக் கோல் போட்டார். இடைவேளையின்போது சென்னை சிட்டி 0–1 என்று பின்தங்கியிருந்தது, கோழிக்கோட்டில் கோல் எதுவும் விழவில்லை. அந்த நொடியில் இரு அணிகளும் 40 புள்ளிகளில் சமம். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டாலே பட்டியல் தலைகீழாகிவிடும்.

56-ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டியைக் கோலாக்கினார். 69-ஆவது நிமிடத்தில் கவுரவ் போரா அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். கூடுதல் நேரத்தில் அவரே இன்னொரு கோலும் போட, ஆட்டம் 3–1 என முடிந்தது. கோழிக்கோட்டில் முதலில் கோல் வாங்கிய ஈஸ்ட் பெங்கால் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 2–1 என வென்றும் பயனில்லை. 2003–04-க்குப் பிறகு தேசிய லீக் பட்டம் காணாத அந்தப் பழம்பெரும் அணிக்கு அது கொடுமையான மாலை. 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, 48 கோல்கள். இதுவே சென்னை சிட்டியின் கணக்கு. மான்சி 21 கோல்கள் அடித்து, சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். நெருக்கடி மிகுந்த அந்த நாளில் பட்டத்தை முடித்துவைத்த இரண்டு கோல்களும் ஓர் இந்திய வீரரிடமிருந்து வந்தன என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும்.

தட்டு பற்றிய கேள்வி

ஐ.எஸ்.எல். பட்டத்தை அந்த ஆண்டு பெங்களூரு எஃப்.சி. வென்றது. இரண்டு தொடர்களின் அணிகளும் கலந்து மோதும் சூப்பர் கோப்பை புவனேஸ்வரில் நடந்தபோது, பல ஐ-லீக் அணிகள் தங்கள் தொடர் ஒதுக்கப்படுவதை எதிர்த்து விலகின. சென்னை சிட்டி ஆடியது. ஏப்ரலில் நடந்த காலிறுதியில் அது பெங்களூருவை 2–1 என்று வென்றது. இரண்டு வாகையாளர்களும் நேருக்கு நேர் மோத, ‘கீழ்த்தட்டு’ அணி வென்றது. அரையிறுதியில் எஃப்.சி. கோவா 3–0 என்று சென்னை சிட்டியை நிறுத்தியது உண்மைதான். ஆனாலும் தரத்தில் ஒரு படி தாழ்ந்த அணி என்று யாரும் சொல்லமுடியாதபடி அந்தக் காலிறுதி அமைந்தது.

தாளில் எழுதப்பட்ட முடிவு சில மாதங்களில் வந்தது. 2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங் நகரில் கூடிய ஆசியக் கூட்டமைப்பின் செயற்குழு, ஐ.எஸ்.எல்.லை முதன்மைத் தொடராக்கும் திட்ட வரைவுக்கு ஒப்புதல் அளித்தது. ஐ-லீக் வாகையாளருக்கு மேலே ஏறும் வாய்ப்பு 2022–23 பருவத்திலிருந்துதான் என்று அதில் வகுக்கப்பட்டது.

உலகில் இரண்டாம் தட்டுத் தொடர்கள் இரண்டு வழிகளில் பிழைக்கின்றன. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 1936 முதல் நடக்கும் அமெரிக்கன் ஹாக்கி லீக் ஒரு வழி. அதன் 32 அணிகளில் ஒவ்வொன்றும் தேசிய ஹாக்கி லீக்கின் ஓர் அணியோடு இணைந்தது. அங்கே வாகை சூடினாலும் அணி மேலே ஏறாது, வீரர்கள் ஏறுவார்கள். அவர்களை வளர்க்கும் செலவில் மேல் அணியின் பங்கும் உண்டு. ஐரோப்பியக் கால்பந்து இன்னொரு வழி. அங்கே வென்ற அணியே மேலே போகும். 2019-இன் ஐ-லீக்குக்கு இரண்டும் இல்லை. வீரர்கள் மேலே போனார்கள், அணிகள் வெறுங்கையோடு நின்றன. சென்னை சிட்டிக்கு நேர்ந்ததை இந்த அமைப்புப் பிழையை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

பின்விளைவுகள்

முதலில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 2019-இல் கழகத்தின் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. 2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபா அணியுடன் மோதி 0–1 என்று தோற்றது. அது சென்னை சிட்டியின் ‘சொந்த மைதான’ ஆட்டம், ஆனால் நடந்தது அகமதாபாத்தில். கோவை ரசிகர்கள் தங்கள் அணியின் ஆசிய ஆட்டத்தைத் தங்கள் ஊரில் பார்க்கவே இல்லை.

அதற்குள் பட்டம் வென்ற அணி கலையத் தொடங்கியிருந்தது. கோர்டில்லோ ஐதராபாத்துக்கும் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கும் போனார்கள். ரொமாரியோ ஜேசுராஜ் எஃப்.சி. கோவாவிலும், எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.யிலும் சேர்ந்தார்கள். கொரோனாவால் 2019–20 பருவம் பாதியில் நின்றது. 2020–21 பருவம் முழுவதும் வங்கத்திலேயே நடந்ததால் கோவைக்கு ஓர் ஆட்டம்கூட வரவில்லை. 2021–22-இல் ஆடிய 13 அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. வாகை சூடி மூன்றாண்டு நிறைவதற்குள் கழகமே களத்தைவிட்டுப் போய்விட்டது.

மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., சென்னை சிட்டி வாகை சூடிய அதே 2018–19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்றது. லூதியானாவில் 2019 மே 22 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று அது தோற்கடித்தது. ஐ-லீக்கும் மகளிர் லீக்கும் ஒரே பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வந்ததைப் பத்திரிகைகள் இன்னும் உரத்துச் சொல்லியிருக்க வேண்டும். தேனி மாவட்டத்துக்கு மிக அருகிலுள்ள தேசிய வாகையாளர் அணி சேதுதான். கம்பம் பள்ளத்தாக்கில் பந்து உதைக்கும் ஒரு சிறுமிக்கு அது ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருந்தது.

திட்ட வரைவில் சொன்னபடி 2022–23 ஐ-லீக்கை வென்ற ரவுண்ட்கிளாஸ் பஞ்சாபும், 2023–24-இல் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறின. ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், 2019 மார்ச் 9 அன்று கோவையில் தோற்ற மினர்வாவின் வாரிசு அணி. சென்னை சிட்டி வென்ற ஆண்டில் இந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 2024–25 ஐ-லீக்கில் ஆடிய 12 அணிகளில் தமிழ்நாட்டு அணி ஒன்றும் இல்லை.