முன்கொக்கி

அம்மாவின் தோள்மூட்டு இறுகிப்போன குளிர்காலத்தில், ரொறன்ரோவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லா பிராவுக்கும் கொக்கி முதுகில். அம்மாவின் கை அங்கே போகாது. "சாறிச் சட்டைக்கு முன்னால கொக்கி வைக்கிறம். இதுக்கு வைக்கேலாதோ, பிள்ளை?"

இந்த உடையின் வரலாறே அப்படிக் கேட்ட பெண்களுடையது. எலும்பு வைத்த கச்சையை வெறுத்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப், இரண்டு கைக்குட்டைகளை நாடாவால் இணைத்தார். 1914இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லர், 1970இல் புற்றுநோயால் ஒரு மார்பை இழந்தார். பொருத்தமான செயற்கை மார்பு கிடைக்காததால், பின்னர் தானே தயாரித்து விற்றார். 1977இல் வெர்மாண்டில் மூன்று பெண்கள், ஆண்களின் விளையாட்டு உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து, ஓடுவதற்கேற்ற பிராவை உண்டாக்கினார்கள்.

நானும் அம்மாவின் பருத்தி பிரா ஒன்றை முன்னால் வெட்டிக் கொக்கி தைத்தேன். மறுநாள் காலை அம்மா என்னைக் கூப்பிடவில்லை.