உடைந்த வண்டியும் ஒடிந்த தொடையும்

கை போனால் கூலி போகும். கூலி போனால் அடுப்பு அணையும். அடுப்பணைந்த வீட்டு வாயிலில் நின்று ஆறுதல் கூறுவோர், "அவன் தலையெழுத்து அது!" என்பர். பற்சக்கரம் கடித்த கைக்குப் படைத்தவன் எழுதிய எழுத்தே காரணமாம்! பாமரர் மட்டுமா இப்படிப் பேசினர்? சட்டத்தைக் கரைத்துக் குடித்த நீதிபதிகளும், வேறு சொற்களிலே இதையேதான் பேசினர். அந்த வரலாற்றை இளைஞர்கள் அறிய வேண்டும்.

1835. ஆங்கில நாட்டின் லிங்கன்ஷயர் வட்டாரம். ஃபவுலர் எனும் இறைச்சிக் கடைக்காரரிடம் வேலை பார்த்தான் பிரீஸ்ட்லி எனும் இளைஞன். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டியிலே அவன் அனுப்பப்பட்டான். வண்டி உடைந்தது, அவன் தொடை எலும்பும் ஒடிந்தது. வழக்காடினான். ஜூரிகள், 100 பவுன் தருக என்றனர். ஏழைக்கு நீதி கிடைத்தது என்று மகிழ்கிறீர்களா? அவசரம் வேண்டாம்!

1837-இல் மேல்மன்றம் அதனைத் தள்ளிற்று. இதற்கு இணங்கினால், பணிப்பெண் ஈரப் படுக்கை விரித்தாலும், சமையற்காரி செப்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்காவிட்டாலும், எசமானன் வேலையாளுக்கு ஈடு தர நேருமே, இதற்கு எல்லை ஏது என்று கேட்டார் அபிங்கர் பிரபு. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை வேலையாளுக்கு உண்டு என்றும் மொழிந்தார். உண்டு, உண்டு! மறுத்தவனுக்கு மறுநாள் சோறு உண்டா? அதைப் பிரபு கேட்கவில்லை.

அமெரிக்காவிலும் அதே குரல். இருப்புப்பாதைத் தடமாற்றி ஒருவரின் கவனக்குறைவால் இரயில் தடம்புரண்டது. எஞ்சின் ஓட்டுநர் வலக்கையை இழந்தார். 1842-இல் மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, ஆபத்துக்கும் சேர்த்தே கூலி தரப்படுகிறது என்று கூறி வழக்கைத் தள்ளினார். கையின் விலையும் கூலிக்குள்ளேயே அடக்கமாம்!

இவ்வாறு நீதிமன்றக் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள்கள் அமைந்தன. ஆபத்தை அறிந்தே வந்தாய் என்பது ஒன்று. உடன்வேலையாள் செய்த பிழைக்கு முதலாளி பொறுப்பல்ல என்பது இரண்டு. உன் கவனக்குறைவும் கலந்திருக்கிறது என்பது மூன்று. தலையெழுத்து என்ற சொல் அங்கே இல்லை. ஆயினும் அதன் பொருள் அத்தனையும் அங்கே இருந்தது.

தாழ்ப்பாளை உடைத்தது கருணையா? அன்று. 1878-இல் சோசலிஸ்டுகளை அடக்கச் சட்டம் செய்த செர்மானிய பிஸ்மார்க்கே, 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொணர்ந்தார். தொழிலாளர் எழுச்சி தந்த அச்சம் அவரை அசைத்தது. செலவு முதலாளிகளுடையது, முற்றிலும் முடங்கியவனுக்குக் கூலியில் மூன்றில் இரு பங்கு.

பிரிட்டனில் 1897-இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. "பிழை யாருடையது?" என்ற கேள்வியைப் பின்னே தள்ளி, "வேலையால், வேலையின்போது நேர்ந்ததா?" என்ற கேள்வியை அது முன்னே நிறுத்திற்று. இயந்திரம் தேய்ந்தால் பழுதுபார்க்கும் செலவு தொழிலைச் சேரும். மனிதன் முறிந்தால் மட்டும் அது அவன் குடிசையைச் சேருவானேன்? இந்தப் பகுத்தறிவுக் கேள்விக்குத்தான் சட்டம் தலைவணங்கிற்று.

இந்தியாவில் 1923-இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டு, 1924 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கை விசாரிக்கத் தனி ஆணையர். உறுப்பிழப்புக்கு விழுக்காட்டு அட்டவணை. அதிலே பொன்னான விதி ஒன்று: நட்டஈட்டு உரிமையைத் துறப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும், அந்த எழுத்துச் செல்லாது! 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இச்சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

1968-இல் ஒடிசாவில் படக்கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் கீழே விழுந்தார்; இடக்கை வெட்டியெடுக்கப்பட்டது. ஒரு கைதானே போயிற்று, இது முழு இழப்பாகுமா என வாதாடினார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது. ஆகவே இழப்பு முழுமையானதே என்று 1975-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. கடன் பிறப்பது ஆணையர் தீர்ப்பளிக்கும் நாளிலன்று, அடிபட்ட நாளிலேயே என்றும் கூறிற்று.

கடன் என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள்! பிச்சை கேட்பவன் கை தாழும். கடனைக் கேட்பவன் தலை நிமிரும். பிரீஸ்ட்லிக்கு மறுக்கப்பட்டது 100 பவுன் மட்டுமன்று, அந்த நிமிர்வுந்தான். இன்று அடிபட்டவனிடம் சென்று ஆறுதல் மட்டும் கூறித் திரும்பாதீர்கள். வேலைச் சான்றையும் மருத்துவச் சான்றையும் திரட்ட உதவுங்கள். ஆணையரிடம் அழைத்துச் செல்லுங்கள். தலையிலே எழுதியதாகச் சொல்லப்படுவதைப் படித்தவர் எவருமிலர். சட்டத்திலே எழுதியிருப்பதையோ எவரும் படிக்கலாம்.